ஓலை, தாள், திரை

அச்சு நூலைப் புதிய தொழில்நுட்பம் ஒருநாள் ஒழித்துவிடுமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு எதிர்காலத்தை நோக்கிப் போய்விடுகிறது. ஆனால் எழுத்தைச் சுமக்கும் பொருள் அடியோடு மாறிப்போவது தமிழுக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்கள் முதல் நாட்டு மருத்துவக் குறிப்புகள்வரை எல்லாம் பல நூற்றாண்டுகள் பனையோலையில்தான் வாழ்ந்தன. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பகுதி தாளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இன்று புதிதாக ஒரு நூலை ஓலையில் எழுதி வெளியிடுபவர் எவருமில்லை. அந்த மாற்றம் எப்படி நடந்தது, ஓலை ஏன் முழுவதுமாகத் தோற்றது என்று தெரிந்துகொண்டால், திரை தாளை அப்படி வெல்லுமா என்பதற்கும் ஓர் உறுதியான விடை கிடைக்கும்.

எழுத்தாணி எழுதிய நூல்

சுவடிக்கு இரண்டு மரங்கள் உதவின: பனை, தாளிப்பனை. முற்றிப்போகாத ஓலையை வெட்டி, நரம்பு நீக்கி, நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மழமழவென்று தேய்த்து, ஒரே அளவாக நறுக்குவார்கள். எழுத்தாணி ஓலையின் மேல்தோலைக் கீறிச் செல்லும். கீறல் அப்போது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக் கரியையோ இலைச்சாற்றையோ அதன்மீது தடவித் துடைத்தால், கீறலுக்குள் கருமை தங்கி எழுத்து துலங்கும். ஏடுகளில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி ஆயத்தம்.

இந்தப் பொருளின் இயல்பு எழுத்தின் வடிவத்தையே மாற்றியது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தாலும், ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. கூரிய எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துப்போகும். எனவே ‘க’வும் ‘க்’கும் ஒரே உருவில் நின்றன. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியவில்லை. சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. பாட்டு எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதைக்கூட வாசிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். ஏடு படிப்பது தனியாகப் பயில வேண்டிய கலையாக இருந்ததற்கு இதுவே காரணம்.

ஓலையின் ஆயுளுக்கும் எல்லை உண்டு. நம் வெப்பத்திலும் ஈரத்திலும், நன்றாகப் பேணினால் சில நூறு ஆண்டுகள் தாங்கும். வசம்பு வைத்துக் கட்டுவார்கள். இன்றைய சுவடிக் காப்பகங்கள் எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுகின்றன. இவ்வளவு செய்தும் பூச்சி துளைக்கிறது, ஓரம் முறிகிறது, ஓலை சுருள்கிறது. ஆகவே ஒவ்வொரு சுவடியையும் அது அழிவதற்குள் யாராவது புதிய ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும். இன்று நம் கையில் இருக்கும் சங்கப் பாடல்கள் எல்லாம் இப்படிப் பலமுறை பெயர்த்தெழுதப்பட்டு வந்தவை. ஒரு தலைமுறைக்கு ஒரு நூலில் ஆர்வம் குறைந்தால், எழுதுவிப்பவர் இல்லாமல் போனால், அந்தச் சங்கிலி அறுந்துவிடும். யாரும் பகைகொண்டு அழிக்க வேண்டியதே இல்லை.

வளையாபதிக்கு இதுதான் நேர்ந்தது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான அந்நூலின் ஏட்டைத் திருவாவடுதுறை மடத்தில் இளமையில் பார்த்ததாக உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பின்னாளில் பதிப்பிக்கும் எண்ணத்தோடு தேடியபோது அது அகப்படவில்லை. பிற நூல்களின் உரைகளும் தொகைநூல்களும் எடுத்தாண்ட சில பாடல்கள் மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. பல நூற்றாண்டுகளைக் கடந்து வந்த ஒரு காப்பியம், ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் கைநழுவிப் போயிற்று.

அச்சு வென்ற விதம்

தமிழ் அச்சேறியது மிக முன்னதாகவே. 1578இல் கொல்லத்தில் ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்க நூலை அச்சிட்டார். ஆனாலும் ஓலை உடனே ஒதுங்கிவிடவில்லை. அச்சுக்குத் தாள் வேண்டும், வார்ப்பெழுத்து வேண்டும், வாங்குவோர் வேண்டும். தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சகம் நிறுவியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் கையிருப்புத் தாள் போதாது. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்த பிறகுதான் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடிக்க முடிந்தது.

திருக்குறள் 1812இல் அச்சேறியது. 1835இல் தலைமை ஆளுநர் பொறுப்பில் இருந்த சார்லஸ் மெட்காஃப் அச்சகங்கள்மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பின் இந்தியர்கள் நடத்தும் அச்சுக்கூடங்கள் பெருகின. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரும், பின்னர் சி.வை. தாமோதரம் பிள்ளையும், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரும் ஏட்டிலிருந்த இலக்கியத்தை அச்சுக்கு மாற்றும் வேலையைத் தோளில் ஏற்றார்கள். 1887இல் சீவக சிந்தாமணியும் கலித்தொகையும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் வந்தன. கொல்லத்து அச்சு தொடங்கி ஓலையின் வாழ்வு முடியும்வரை 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்த வெற்றி முழுமையானது. ஓலை செய்துவந்த ஒவ்வொரு வேலையையும் அச்சு மேலும் நன்றாகச் செய்தது. ஒரு பிரதிக்குப் பதில் ஒரே நேரத்தில் ஐந்நூறு பிரதிகள் கிடைத்தன. எல்லாப் பிரதியிலும் ஒரே பாடம் இருந்தது. பெயர்த்தெழுதும் கைக்குக் கை புதிய பிழை நுழைவது நின்றது. புள்ளி திரும்பி வந்தது. சொற்கள் பிரிந்து நின்றன. பதிப்பாசிரியர் பக்க எண்ணும் அகராதியும் சேர்த்தார். ஏட்டை வாசிக்கத் தனிப்பயிற்சி வேண்டியிருந்த இடத்தில் எழுத்தறிந்த எவரும் நூலைக் கையில் எடுக்க முடிந்தது. ஜாதகம் குறிக்கவும் சில சடங்குகளுக்கும் ஓலை இன்னும் கொஞ்சகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. நூல் என்ற வகையில் அதற்கு மிச்சமாக ஒரு வேலையும் இருக்கவில்லை.

இதிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பழைய ஊடகம் செய்யும் வேலைகள் அத்தனையையும் புதியது ஏற்றுக்கொண்டால்தான் பழையது மறையும். ஒரே ஒரு வேலையை விட்டுவைத்தாலும் பழையது அந்த இடத்தில் நிலைத்துவிடும். அச்சு நூல் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, திரையால் அவற்றைச் செய்ய முடிகிறதா என்று பார்ப்போம்.

திரை வென்ற இடங்கள்

சில வேலைகளில் போட்டி முடிந்தேவிட்டது. 1768இல் எடின்பரோவில் வரத் தொடங்கிய என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா, 2012 மார்ச்சில் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 32 தொகுதிகள் கொண்ட 2010ஆம் ஆண்டுப் பதிப்பே கடைசி. 1990இல் அமெரிக்காவில் மட்டும் 1,20,000 தொகுப்புகள் விற்ற நூல் அது. கடைசிப் பதிப்பில் அச்சிட்டதோ 12,000 தொகுப்புகள்தான். கலைக்களஞ்சியத்தை யாரும் முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதில்லை. ஒரு தகவலைத் தேடி எடுத்துவிட்டு மூடிவைக்கிறோம். தகவல் பழையதாகிவிட்டால் அந்தப் பக்கத்துக்கு மதிப்பில்லை. தேடுவதும் திருத்துவதும் திரைக்குக் கைவந்த வேலைகள். அகராதி, தொலைபேசி விவரத்திரட்டு, ஆய்விதழ் ஆகியவையும் இதே காரணத்தால் திரைக்குப் போயின.

பெரியசாமி தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் படிக்கலாம். பார்வை குறைந்தவருக்குத் திரை தரும் உதவி இன்னும் பெரியது. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். பார்வையற்றவருக்கு உரையைக் கணினியே வாசித்துச் சொல்லும். ஒரு சொல் சங்க இலக்கியம் முழுவதிலும் எங்கெங்கு வருகிறது என்று அறிய முன்பு பல மாத உழைப்பு வேண்டியிருந்தது. இப்போது சில நொடிகள் போதும். இவற்றைப் பெறுவதற்காகத் திரையை வரவேற்க எந்த வாசகரும் தயங்க வேண்டியதில்லை.

கண்ணைக் கூசவைக்கும் ஒளியும் ஒரு குறையாகப் பேசப்பட்டது. அதற்கும் வழி பிறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் 1990களின் பிற்பாதியில் உருவாக்கிய மின்மைத் திரையில், தலைமுடியின் தடிமனே உள்ள நுண்குமிழிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிக்குள்ளும் தெளிந்த எண்ணெயில் வெள்ளைத் துகளும் கரிய துகளும் மிதக்கின்றன. ஒன்றுக்கு நேர் மின்னேற்றம், மற்றதற்கு எதிர் மின்னேற்றம். மின்புலத்தின் திசைக்கேற்ப ஏதாவது ஒரு நிறம் மேலே வந்து நிற்கும். எழுத்து ஒருமுறை அமைந்துவிட்டால் அதை நிறுத்தி வைக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் மாறும்போது மட்டுமே செலவாகும். திரை தானாக ஒளிராமல், தாளைப்போலவே சுற்றியுள்ள வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. 2004இல் ஜப்பானில் சோனியும், 2007 நவம்பரில் அமேசானின் கிண்டிலும் இந்தத் திரையோடு வந்தன. 2016 இறுதியில் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கும் இடம் கிடைத்தது.

மின்பிரதியின் ஆயுள்

மின்நூலுக்கு அழிவில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பொருளை ஆராய்ந்தால் இது பொருந்தாது. பென்டிரைவிலும் கைப்பேசியிலும் உள்ள ஃபிளாஷ் நினைவகம், மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த மிகச் சிறிய அறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்து வைத்துத் தகவலைக் காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை மெல்லக் கசியும். ஹார்ட் டிஸ்க்கில் தட்டைச் சுழற்றும் பாகங்களும் முனையை நகர்த்தும் பாகங்களும் தேய்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஏட்டில் பூச்சி ஒரு துளையிட்டால் நாலைந்து எழுத்துகள் போகும், மிச்சத்தை வாசிக்கலாம். சுருக்கிச் சேமித்த கோப்பில் சில பிட்டுகள் கெட்டால் முழுக் கோப்புமே திறக்காமல் போகக்கூடும்.

பொருள் கெடாமல் இருந்தாலும் குறியீடு கைவிட்டுவிடும். தமிழ்க் கணினி உலகம் இதை அனுபவித்தே அறிந்திருக்கிறது. 1990களில் ஒவ்வொரு பதிப்பகமும் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தனித்தனி எழுத்துருவில் தட்டச்சு செய்தன. பாமினி எழுத்துருவில் செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடக்கும். இதைச் சீர்செய்யத் தன்னார்வலர்கள் திஸ்கி என்ற குறியீட்டை வகுத்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. கடைசியில் யூனிகோடு நிலைபெற்றது; தமிழ்நாடு அரசு 2010இல் அதைத் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் அச்சான நூல்களை நூலகத்தில் எடுத்து வாசிக்கலாம். அந்த நூல்களுக்காக அடித்த கணினிக் கோப்புகளோ, பிளாப்பியில் இருந்தால் படிக்கும் கருவி கிடைப்பதே அரிது; கருவி கிடைத்தாலும் எழுத்துருவைத் தேட வேண்டும்.

இந்த அபாயத்திலிருந்து தப்பியவற்றைப் பார்த்தால் காரணம் விளங்கும். கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைத்தது. தொடக்கத்தில் அதன் நூல்கள் பழைய எழுத்துருக்களிலும் திஸ்கியிலும் இருந்தன. யூனிகோடு வந்ததும் அவற்றை மாற்றி அமைத்தார்கள். மாற்றியதால்தான் இன்றும் அவற்றை வாசிக்கிறோம். செய்தது என்ன? பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்குப் பெயர்த்தெழுதும் அதே வேலை. ஓலைக்கு அது சில தலைமுறைகளுக்கு ஒருமுறை தேவைப்பட்டது. மின்கோப்புக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவைப்படுகிறது.

இந்த அத்தியாயத்தின் மையக் கருத்து இதுவே. வாழும் முறையில் மின்நூல் ஓலைச்சுவடியின் உறவினம். இரண்டுக்கும் இடைவிடாத பராமரிப்பு வேண்டும். யாராவது அக்கறையோடு அடுத்த பிரதிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அக்கறை ஒரு தலைமுறை தவறினாலும் நூல் போய்விடும். மூன்று ஊடகங்களிலும் புறக்கணிப்பைத் தாங்கிக்கொண்டு பிழைப்பது அச்சு நூல் ஒன்றே. ஆயிரம் பிரதிகள் ஆயிரம் வீடுகளுக்குப் போகின்றன. எண்ணூறு பழைய தாளோடு எடைக்குப் போனாலும், நூறைக் கறையான் தின்றாலும், ஒரு பரணில் கிடக்கும் பிரதி ஐம்பது ஆண்டு கழித்துக் கைக்கு வரும். அதைத் திறக்க மின்சாரமும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் திருமண அழைப்புகளையும்கூடத் தேடித்தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அந்தத் தொகுப்பில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல், சென்னையிலேயே 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைய வழிசெய்தது. யாரும் பேண வேண்டும் என்று எண்ணாத காலத்திலும் அந்த அச்சுப் பிரதிகள் எங்கெங்கோ உயிரோடு இருந்ததால்தான் ஒரு தனிமனிதரால் இவ்வளவு சேர்க்க முடிந்தது.

தாளின் நோய்

தாளுக்கும் நோய் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பாவில் தாளைப் பழந்துணியிலிருந்து செய்தார்கள். அதன் செல்லுலோஸ் இழைகள் நீளமானவை, தூய்மையானவை. குட்டன்பர்க் 1455 வாக்கில் அச்சிட்ட பைபிள்கள் இன்றும் உறுதியாக இருப்பதற்கு அதுவே காரணம். தேவை பெருகியதும் மரக்கூழுக்கு மாறினார்கள். மை பரவாமலிருக்கப் படிகாரத்தையும் பைன் மரப் பிசினையும் சேர்த்தார்கள். படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. மரக்கூழில் மிச்சமிருக்கும் லிக்னின் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பாகிறது. நம் ஊர் நூலகங்களில் 1930களின் நூல்கள் பல, புரட்டும்போதே அப்பளமாக ஒடிவது இந்த வேதியியலால்தான்.

நோய் தெரிந்ததால் மருந்தும் தெரிந்தது. கால்சியம் கார்பனேட் போன்ற காரச் சேர்மம் கலந்த, அமிலமற்ற தாளை இப்போது தயாரிக்கிறார்கள். நிலைத்திருக்க வேண்டிய தாளுக்கான உலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 9706 என்ற பெயரில் 1994இல் வந்தது. பழைய நூல்களின் அமிலத்தை நீக்கும் முறைகளும் உண்டு. ஒடியும் நிலையில் உள்ளவற்றை நுண்படச்சுருளில் பதிவு செய்கிறார்கள். அந்தச் சுருளை நல்ல குளிர்ச்சியில் வைத்தால் நூற்றாண்டுகள் தாங்கும். படிக்க ஒரு வில்லையும் விளக்கும் போதும்.

நூல் யார் கையில்

அச்சு நூலை வாங்கியவர் அதன் உடைமையாளர். இரவல் தரலாம், விற்கலாம், பேரனுக்கு விட்டுச்செல்லலாம். மின்நூலை வாங்கும்போது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாசிக்கும் உரிமம் மட்டுமே. 2009 ஜூலையில் அமேசான், பதிப்புரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்று கூறி, ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தபடியே நீக்கியது. பணம் திரும்பி வந்தது. நூலோடு சேர்த்து வாசகர்கள் எழுதிவைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போயின. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின. வாங்கியவர்களுக்கு விலையைத் திருப்பித் தந்தார்கள். அச்சுக்கடை ஒன்று மூடப்பட்டால் அங்கே வாங்கிய நூல்கள் நம் அலமாரியை விட்டுப் போவதில்லை. ஒரு சமூகம் தன் அறிவைச் சேமிக்கும் இடம் ஒரு நிறுவனத்தின் வணிக முடிவைச் சார்ந்திருப்பது ஆபத்து.

கண்ணும் கவனமும்

நூலின் இன்னொரு வேலை வாசகரின் மனத்துக்குள் போய்ச் சேர்வது. இதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பாப்லோ டெல்காடோவும் உடனுழைத்தவர்களும் 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் மொத்தம் 1,70,000 பேருக்கு மேல். ஒரே பகுதியைத் தாளில் வாசித்தவர்கள் திரையில் வாசித்தவர்களைவிடச் சற்று நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தகவல் நிறைந்த கட்டுரைகளிலும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய வாசிப்பிலும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. கதை வாசிப்பில் வேறுபாடு காணப்படவில்லை. திரையோடு வளர்ந்த இளையோருக்கு இந்த இடைவெளி சுருங்கிவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அது கூடியிருக்கிறது.

ஏன் இப்படி? நார்வேயின் அன்னே மாங்கன் தரும் விளக்கம் கையோடு தொடர்புடையது. தாள் நூலில் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்பதை விரல்களே உணர்கின்றன. ஒரு செய்தி இடப்பக்கத்தின் கீழே இருந்தது என்பதைக்கூட நினைவு பிடித்துவைக்கிறது. அவரும் உடனாய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட சோதனையில் 50 இளைஞர்கள் ஒரே நீண்ட கதையைப் பாதிப்பேர் நூலிலும் பாதிப்பேர் கிண்டிலிலும் வாசித்தார்கள். கதை புரிந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. எந்த நிகழ்ச்சி எதற்குப் பின் நடந்தது என்று வரிசைப்படுத்துவதில் நூல் வாசித்தவர்கள் முந்தினார்கள். இன்னொரு காரணம் மனப்பழக்கம். திரையில் நாம் விரைந்து மேய்கிறோம். புரிந்துவிட்டது என்று முன்னதாகவே முடிவுகட்டுகிறோம்.

பள்ளிகளைத் திரைக்கு மாற்றுவதில் முன்னணியில் நின்ற சுவீடன் 2023இல் அச்சுப் பாடநூல்களுக்குத் திரும்பும் முடிவை எடுத்து, அந்த ஆண்டில் 68.5 கோடி குரோனாவை அதற்காக ஒதுக்கியது. சிறு பிள்ளைகளின் வாசிப்புத்திறன் குறித்த கவலையே அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது. திரையை முழுதாகப் பயன்படுத்திப் பார்த்த ஒரு நாடு இப்படித் திரும்பியதை நம் பள்ளிக்கல்வித் திட்டங்களை வகுப்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

கண்ணாடியும் டி.என்.ஏ.வும்

இன்னும் வலிய பொருள் வந்தால் நிலை மாறுமா? 2012இல் ஜார்ஜ் சர்ச் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஏறத்தாழ 53,000 சொற்கள் கொண்ட ஒரு நூலை டி.என்.ஏ. மூலக்கூறுகளில் எழுதித் திரும்பப் படித்துக் காட்டினார்கள். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் டி.என்.ஏ. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கும். மைக்ரோசாஃப்டின் சிலிக்கா திட்டம் குவார்ட்ஸ் கண்ணாடிக்குள் லேசரால் தகவலைப் பதிக்கிறது. 2019இல் உள்ளங்கை அளவுத் தகட்டில் ஒரு முழுநீளத் திரைப்படத்தைப் பதித்தார்கள். கண்ணாடி வெந்நீரையும் காந்தத்தையும் கீறலையும் தாங்கும்.

இவை பொருளின் ஆயுளை நீட்டுகின்றன. ஆனால் படிப்பதற்கு ஒரு கருவியும் குறியீட்டைப் பற்றிய அறிவும் வேண்டும். கண்ணாடித் தகட்டைக் கண்டெடுக்கும் எதிர்காலத்தவருக்கு அது நூல் என்பதே தெரிய வேண்டும். பிறகு லேசரும் நுண்ணோக்கியும், பிட்டுகளை எழுத்தாக்கும் விதியும் வேண்டும். அச்சுப் பக்கத்துக்குத் தேவை வெளிச்சம், கண், மொழியறிவு இவை மட்டுமே. இந்த இடத்தில் தாளுக்கு மாற்றாக எதையும் எந்த ஆய்வகமும் இதுவரை தரவில்லை.

இரண்டும் வேண்டும்

ஆக, விடை இதுதான். தேடவும் திருத்தவும் தொலைதூரம் அனுப்பவும் பார்வை குறைந்தவருக்கு உதவவும் திரை தாளை வென்றுவிட்டது; இந்த வேலைகள் இனித் தாளுக்குத் திரும்பப் போவதில்லை. ஊன்றிப் படிக்கவும், குழந்தைகள் வாசிக்கப் பழகவும், நூலைச் சொந்தமாக்கிக்கொள்ளவும், புறக்கணிப்பைத் தாண்டி வாழவும் தாளே ஏற்றது. ஓலைக்கு ஒரு வேலையும் மிச்சமில்லாமல் போனதைப்போலத் தாளுக்கு நேரவில்லை. அதனால் அச்சு நூல் மறையாது என்று உறுதியாகச் சொல்கிறேன். எண்ணிக்கை குறையலாம், தேவை தீராது.

ஆனால் அச்சின் இந்த வலிமை பிரதிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடங்களில் பிரதி இருந்த நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. அங்கு மட்டுமே இருந்த ஏடுகளும் அரிய நூல்களும் என்றென்றைக்கும் போயின. அந்த அழிவின் வலியோடு ஈழத்து நூல்களை மின்பிரதியாக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. ஒற்றைப் பிரதியாக நிற்கும் தாளுக்குத் திரைதான் காவல்.

இப்போது தமிழ்ப் பதிப்பில் ஒரு மாற்றம் நடக்கிறது. முன்பு ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் அச்சாகும். இன்று தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பது, நூறு பிரதிகள் போதும் என்றாகிவிட்டது. பதிப்பாளருக்கு முதலீடு முடங்குவதில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் ஐம்பது பிரதிகள் ஆயிரம் வீடுகளுக்குப் பரவாது. புறக்கணிப்பைத் தாங்கும் திறனை அச்சு இந்த வழியில் மெல்ல இழக்கக்கூடும். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா உட்பட நாட்டின் 4 நூலகங்களுக்குப் போக வேண்டும். அச்சு நூலை மனத்தில் கொண்டு இயற்றிய சட்டம் அது. சிறு பதிப்புகள் பெருகும் காலத்தில் அதை ஒவ்வொரு பதிப்பாளரும் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். மின்வடிவில் மட்டும் வெளிவரும் நூல்களுக்கும் அதற்கு இணையான சட்டம் வேண்டும்.

எழுத்தாளர், பதிப்பாளர், நூலகர், வாசகர் எல்லோருக்கும் இதில் பங்குண்டு. முக்கியமான நூல்களை அமிலமற்ற தாளில் அச்சிடுங்கள். அவற்றின் மின்கோப்பை யூனிகோடில், யாரும் திறக்கக்கூடிய வடிவில், ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடம் ஒப்படையுங்கள். உங்கள் வீட்டுப் பழைய நூல்களை எடைக்குப் போடுமுன் அவை ஏற்கெனவே மின்வடிவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். வளையாபதிக்கு ஓர் அச்சுப் பிரதியும் இருக்கவில்லை, மின்பிரதிக்கும் வழியிருக்கவில்லை. நம் காலத்தில் இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இனி ஒரு தமிழ் நூல் தடமின்றிப் போனால் அதற்குத் தொழில்நுட்பத்தைக் குறைசொல்ல முடியாது.